கிரேன் நுழையாத முற்றத்தில் ஒரு பைன்

சீர் பைன் தில்லிக்கு உரிய மரம் இல்லை. இமயமலையின் அடிவாரச் சரிவுகளில், கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்கு மேலே தொடங்கி 2,000 மீட்டர் வரை காடாக நிற்பது அது. தில்லியின் உயரம் இருநூறு சொச்சம் மீட்டர்தான். ஆனாலும் பழைய அரசுக் குடியிருப்புகளின் புல்வெளி ஓரத்திலும் பின்முற்றத்திலும் யாரோ ஆசைப்பட்டு வைத்த ஒன்றிரண்டு பைன்கள் உண்டு. சரோஜினி நகருக்கு வினய் நகர் என்று பெயர் இருந்த நாளிலேயே வைத்தவையாகக்கூட இருக்கலாம். இம்மரங்கள் பெரும்பாலும் விழுவதில்லை, நின்றபடியே காய்ந்துபோகின்றன. சாக்கடைக் குழாய்க்குத் தோண்டியதில் வேர் அறுந்திருக்கும். மிச்ச வேரை டைல்ஸும் சிமெண்டும் மூடியிருக்கும். அதற்குப் பிறகு கறையான் வரும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்ட் இருக்கக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டும், தில்லியில் பல மரங்களுக்கு அந்த ஒரு மீட்டர் இன்னும் வாய்க்கவில்லை.

காய்ந்த பைனை அடியில் வெட்டிச் சாய்க்க, அதன் உயரத்துக்குக் குறையாத வெற்றிடம் வேண்டும். இரண்டு மாடிக் குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவே அது கிடைக்காது. கிரேனைக் கொண்டுவரலாம் என்றால் பின்சந்தில் ஆட்டோவே திணறும். மேலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்குவதுதான் வழி. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது. மரத்தில் ஏறுபவருக்காக இதை எழுதவில்லை. அவருக்குப் பயிற்சி வேண்டும், புத்தகம் போதாது. கீழே நின்று வேலையை மேற்பார்க்கும் சங்கச் செயலருக்கும் தோட்டக் கண்காணிப்பாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் எழுதுவது. எந்த இடத்தில் ‘நிறுத்து’ என்று சொல்ல வேண்டும் என்பது தெரிந்தால் பாதி விபத்து நடக்காது.

முதலில் காகிதம்

தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் 1994-ல் வந்தது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டர் விட்டமும், மொத்தத்தில் ஒரு மீட்டர் உயரமும் இருந்தாலே அது சட்டத்தின் கண்ணில் மரம். காய்ந்ததும் மரம்தான். மர அதிகாரியின் அனுமதியில்லாமல் வெட்டினால் ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். விண்ணப்பத்தின் மேல் முடிவெடுக்க அவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. விட்டுவைத்தால் உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து என்ற நிலையில் மட்டும் வெட்டிவிட்டு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லலாம். அந்த விதிவிலக்கை நம்பி வேலையைத் தொடங்குகிறவர்கள் மரத்தின் சாய்வு, வெடிப்பு, வேர்ப்பகுதி எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

அரசுக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர் மரத்துக்கு உரிமையாளர் அல்ல. விண்ணப்பம் மத்தியப் பொதுப்பணித் துறையின் தோட்டக்கலைப் பிரிவு வழியாகப் போக வேண்டும். ‘வெட்டவில்லை, கிளை கழிக்கத்தான் போகிறோம்’ என்ற பேச்சும் இப்போது எடுபடாது. 15.7 சென்டிமீட்டர் சுற்றளவு வரையுள்ள கிளைகளை அனுமதி இல்லாமல் கழிக்கலாம் என்றிருந்த வழிகாட்டுதலை தில்லி உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் ரத்து செய்துவிட்டது.

சரோஜினி நகரில் இன்னொரு காரணத்துக்காகவும் காகிதம் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும். சரோஜினி நகர், நவ்ரோஜி நகர், நேதாஜி நகர் உட்பட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்காக 14,000-க்கும் மேற்பட்ட மரங்கள் விழப்போகின்றன என்ற செய்தி 2018 ஜூனில் பரவியபோது, மக்கள் இங்கே வந்து மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். ஜூன் 25 அன்று உயர் நீதிமன்றம் ஜூலை 4 வரை வெட்டை நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் ரம்பச் சத்தம் கேட்டால் யாராவது போன் செய்வார்கள். செய்வதும் நல்லதுதான். அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்றைப் பெரிய எழுத்தில் எடுத்து மரத்தடியில் முதல் நாளே ஒட்டிவிடுங்கள். கிளைகளை அருகிலுள்ள சுடுகாட்டுக்கு இலவசமாக அனுப்பச் சொல்லும் நிபந்தனை கடிதத்தில் இருக்கக்கூடும். படித்துவிட்டு வண்டி பேசுங்கள்.

மரத்தைத் தட்டிப் பார்ப்பது

ஏறும் மரமே கயிற்றைத் தாங்கும் தூணாகவும் இருக்கப்போகிறது. ஆகவே அடிமரத்தை மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டிக் கேளுங்கள். கெட்டியான இடம் ‘டக்’ என்று நறுக்காக ஒலிக்கும், பொள்ளல் இருந்தால் சத்தம் அமுங்கி வரும். வேரும் தண்டும் சேரும் இடத்தில் காளான் தட்டுகள் இருக்கின்றனவா, மண் ஒரு பக்கம் மேலெழும்பியிருக்கிறதா, கறையான் மண்கோடு எவ்வளவு உயரம் போயிருக்கிறது என்று பாருங்கள். இவற்றில் எதுவாவது தெளிவாகத் தெரிந்தால் அந்த மரத்தில் ஆளை ஏற்றாதீர்கள். சுவரை இடித்தாவது வாளி வண்டியைக் கொண்டுவாருங்கள். சுவரைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

மின்கம்பி கிளையைத் தொடாவிட்டாலும், அருகில் இருந்தாலே விநியோகத் துறைக்கு எழுதி இணைப்பை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஈரக் கயிற்றில் மின்சாரம் பாயும். பருந்துக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். தில்லிப் பருந்துகள் குளிர்கால முடிவில் முட்டையிடும், உயரமான மரமாகத் தேடிப் பிடிக்கும். வேலைக்கு நல்ல காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை, மூடுபனி விலகிய பிறகு. மே, ஜூன் பிற்பகல்களில் வேண்டவே வேண்டாம். 2022 மே 30 மாலை வந்த சூறைக்காற்று நகரம் முழுக்க மரங்களைச் சாய்த்துப் போட்டது. மேற்கே வானம் மங்கத் தொடங்கியதும் ஆளை இறக்கிவிட வேண்டும்.

எடைக் கணக்கு

அறுபடும் கட்டையின் எடை தெரியாமல் கயிறு கட்டக் கூடாது. இதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. பச்சை மரத்தின் எடையைத் தண்ணீரின் எடையாகவே வைத்துக்கொள்ளுங்கள். கட்டையின் விட்டத்தை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வருவதில் நூற்றுக்கு எட்டு எடுத்தால் ஒரு மீட்டர் நீளத்தின் எடை கிலோவில் கிடைக்கும். 30 செ.மீ. விட்டமானால் 900-ல் எட்டு சதவீதம், 72 கிலோ. 20 செ.மீ. என்றால் 32 கிலோ. 45 செ.மீ. என்றால் 162 கிலோ. காய்ந்த பைன் இதைவிட இலேசாக இருக்கும், ஆனால் அந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சீஷம் போன்ற வைரம் பாய்ந்த மரத்துக்குக் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். விட்டத்தை அளக்க முடியாவிட்டால் சுற்றளவை மூன்றால் வகுத்தால் போதும்.

இந்த எடையைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. 72 கிலோ என்பது ஒரு ஆள் எடை, கயிறோ டன் கணக்கில் தாங்கும் என்று சொல்லிவிடுவார்கள். தப்பு இங்கேதான் நடக்கிறது. கயிற்றை அறுப்பது கட்டையின் எடை அல்ல, அது விழும் தூரம்.

வேம்போ பில்கனோ ஆனால் பரந்த கிளைகள் இருக்கும். உயரமான ஒரு கவையில் கப்பியைக் கட்டி, அதற்குக் கீழேயுள்ள கிளையை அறுத்தால் கிளை அப்படியே தொங்கும், விழுவதே இல்லை. பைனுக்கு அந்த வசதி கிடையாது. நெட்டையாக ஒரே தண்டு. கிளைகளைக் கழித்து உச்சியையும் எடுத்துவிட்டால் கப்பி கட்ட மேலே ஒன்றும் மிஞ்சாது. வெட்டுக்குக் கீழேதான் கப்பியைக் கட்டியாக வேண்டும். அப்போது கட்டை முதலில் கப்பியைத் தாண்டிக் கீழே விழுந்து, அதன் பிறகே கயிற்றில் மாட்டுகிறது. ஏறுவதற்குப் பைனைவிடச் சுலபமான மரம் இல்லை. கயிற்றைச் சோதிப்பதில் அதைவிடப் பொல்லாத மரமும் இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 30 செ.மீ. விட்டம், ஒரு மீட்டர் நீளம், 72 கிலோ. கட்டையின் நடுப்புள்ளி வெட்டுக்கு 50 செ.மீ. மேலே இருக்கிறது. கப்பி வெட்டுக்கு 30 செ.மீ. கீழே. நடுப்புள்ளி கப்பிக்கு மேலே 80 செ.மீ.யில் தொடங்கி, கப்பிக்குக் கீழே 80 செ.மீ. வரை தடையில்லாமல் வருகிறது. ஆக 1.6 மீட்டர் விழுகிறது. கீழே நிற்பவர் கயிற்றை இறுக்கிப் பிடித்துவிட்டார், கயிறு 40 செ.மீ. நீண்டு கட்டையை நிறுத்துகிறது என்றால், கயிற்றில் ஏறும் உச்ச இழுவிசை கட்டையின் எடையைப் போலச் சுமார் பத்து மடங்கு, அதாவது 720 கிலோ. கிணற்றுக் கப்பி குடத்தின் எடையோடு இழுப்பவரின் இழுப்பையும் சேர்த்துத் தாங்குவதுபோல, மரத்தில் கட்டிய கப்பிக்கு இது இரட்டிப்பாகும். 72 கிலோ கட்டை ஒன்றரை டன் அடி அடிக்கிறது. அந்த அடி ஏறியிருப்பவரின் இடுப்புக்கு ஒரு முழம் கீழே விழுகிறது.

இதைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, நீளத்தைக் குறைப்பது. அரை மீட்டராக அறுத்தால் எடை பாதி, விழும் தூரமும் 1.1 மீட்டராகக் குறைகிறது. இரண்டும் சேர்ந்து கயிறு வாங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். வெட்டுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும், கூலிக்கார மேஸ்திரி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். இரண்டாவது வழி, கட்டையை ஓடவிட்டு நிறுத்துவது. அதே ஒரு மீட்டர் கட்டையை மாட்டிய இடத்திலேயே நிறுத்தாமல், கயிற்றைச் சீராக நழுவவிட்டு இரண்டு மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால் கயிற்றில் ஏறுவது 130 கிலோ அளவுதான். 720 எங்கே, 130 எங்கே. இந்த வித்தியாசம் முழுவதும் கீழே நிற்பவரின் கையில் இருக்கிறது. ஆனால் கூலி பேசும்போது மேலே ஏறுபவருக்குத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், குழுவிலேயே அனுபவம் கூடியவர் கயிற்றடியில் நிற்க வேண்டும்.

கயிறும் கப்பியும்

சரோஜினி நகர் சந்தையில் பாவாடை நாடா கிடைக்கும், இந்த வேலைக்கான கயிறு கிடைக்காது. சாவ்ரி பஜார் பக்கம் போக வேண்டும். அங்கே கடைக்காரர் முதலில் காட்டும் மஞ்சள், நீல நிற பாலிப்ரொப்பிலீன் கயிறு மூட்டை கட்டத்தான் லாயக்கு. வெயிலில் நைந்துவிடும், உராய்வுச் சூட்டில் இளகிவிடும். வேண்டியது இரட்டைப் பின்னல் பாலியஸ்டர், 14 அல்லது 16 மில்லிமீட்டர். அறுபடும் சுமையில் பத்தில் ஒரு பங்குதான் வேலைச் சுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டன்னில் அறுபடும் கயிறென்றால் அரை டன். முடிச்சு போட்ட இடத்தில் பலம் கணிசமாகக் குறையும் என்பதும், ஒருமுறை பலமாக அடி வாங்கிய கயிறு பழைய கயிறு அல்ல என்பதும் இந்தப் பத்து மடங்குக்குள் அடங்கும். ஏறுபவரை மரத்தோடு பிணைக்கும் கயிறு வேறு, கட்டை இறக்கும் கயிறு வேறு. ஒன்றை மற்றதற்குப் பயன்படுத்துவதைக் கண்டால் அன்றைய வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

கப்பியைத் தடித்த ஸ்லிங்கால் தண்டோடு இறுக்கிக் கட்டி, வெட்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். ஒவ்வொரு சாணும் விழும் தூரத்தில் இரட்டிப்பாகச் சேரும். கயிற்றின் கீழ்முனைக்கு, அடிமரத்தில் கட்டிய உலோக உருளை நல்லது. உருளையில் ஒரு முழுச் சுற்று, இழுவிசையைச் சுமார் ஐந்தில் ஒன்றாக்கும். இரண்டு சுற்றில் இருபதில் ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். உருளை இல்லாதவர்கள் அடிமரத்திலேயே சுற்றுவார்கள். பைனில் அது சரிவராது. பட்டை சொரசொரப்பு, பிசின் ஒட்டும், கயிறு ஓடாமல் பிடித்துக்கொள்ளும். ஓடாத கயிறு என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம். பயந்தவர் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுவார். அந்தக் கூடுதல் சுற்றுதான் கப்பியைப் பிடுங்கும்.

கட்டையில் முடிச்சு போடும்போது பைனுக்கென்று ஒரு எச்சரிக்கை. காய்ந்த பைனின் பட்டை தகடு தகடாக நிற்கும், உள்மரத்தோடு அதற்கு ஒட்டுறவு இல்லை. பட்டைமேல் இறுக்கிய முடிச்சு பட்டையோடு சேர்ந்து உருவிக்கொண்டு வந்துவிடும். ஆகவே கயிறு உட்காரும் இடத்தில் ஒரு கையகலத்துக்குப் பட்டையைக் கொத்தி எடுத்து, வெளுத்த மரம் தெரிந்த பிறகு கட்ட வேண்டும். வெட்டுக்குச் சற்று மேலே ஒரு அரைச் சுருக்கு, அதற்கும் மேலே ஓடும் சுருக்காகப் போட்ட போலைன் முடிச்சு. சுமை ஏற ஏற இரண்டும் இறுகும்.

வெட்டும் வரிசை

பைனின் கிளைகள் அடுக்கடுக்காக, ஒரே மட்டத்தில் வட்டமாகக் கிளம்பும். கீழ் அடுக்கிலிருந்து கழித்துக்கொண்டே மேலேறலாம். மணிக்கட்டுத் தடிமன் உள்ளவற்றைக் கையால் உடைத்துப் போடலாம். அதற்கு மேற்பட்டதைக் கயிற்றில் கட்டி, முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு மேல்பக்கம் அறுக்க வேண்டும். மேலே மட்டும் அறுத்தால் கிளை தொங்கிக்கொண்டு பட்டையைத் தண்டுவரை கிழிக்கும், ஏறியிருப்பவரின் காலடி அங்கேதான் இருக்கும். முண்டு விடாமல் தண்டை ஒட்டிக் கழியுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் முண்டில் கயிறு மாட்டினால் யாராவது இன்னொரு தடவை ஏற வேண்டியிருக்கும். கால் முள்ளை இந்த மரத்தில் போடலாம், எப்படியும் போகப்போகிற மரம். உயிரோடு விடப்போகும் மரத்தில் கிளை கழிக்க யாராவது கால் முள்ளோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கிளைகள் போன பிறகு தண்டு முன்னைவிட அதிகமாக ஆடும். காற்றில் ஆட்டத்தை அடக்கிக்கொண்டிருந்தவை அந்தக் கிளைகள்தான். உச்சியை அறுக்கும் நொடியில் ஆட்டம் பெரிதாக இருக்கும், ஆகவே உச்சியைச் சிறியதாகவே எடுக்க வேண்டும். ரம்பம் ஓடும்போது ஏறியிருப்பவர் இரண்டு இடத்தில் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும், அவற்றில் ஒன்று எஃகு உள்ளீடு கொண்ட இடுப்புக் கயிறாக இருக்கட்டும். செயின் சா மிஷினை ஒற்றைக் கையில் பிடித்து அறுப்பது வேண்டவே வேண்டாம்.

கயிற்றில் இறக்கும் ஒவ்வொரு கட்டைக்கும், சாய வேண்டிய பக்கத்தில் முதலில் வாய் திறந்தாற்போல் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து அறுத்துவர வேண்டும். இரண்டும் சந்திப்பதற்கு முன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மரத்தை அறுக்காமல் விட்டால், அது கதவின் கீல் மாதிரி நின்று கட்டையைத் திசைமாறாமல் சாய்க்கும். இறக்கும் கயிறு வாய் வெட்டின் பக்கமாகவே போக வேண்டும். பின்வெட்டுப் பக்கம் இருந்தால் சங்கிலி தொட்டுவிடும்.

ரம்பத்திலிருந்து விழும் தூளைக் கீழே நிற்பவர் கவனித்துக்கொண்டே இருக்கலாம். நல்ல மரத்தில் செதில் வெளிர் மஞ்சளாக, டர்பன்டைன் வாசனையோடு விழும். அது திடீரென்று பழுப்பு மாவாக மாறினால் உள்ளே மக்கியிருக்கிறது, கீல் நிற்காது. வெட்டை நிறுத்தி, கெட்டியான இடம் எது என்று பார்த்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.

இன்னொரு முறையும் உண்டு, அதிகம் பேர் கையாள்வதில்லை. ஒரு பக்கத்திலிருந்து நடுவைச் சற்றுத் தாண்டும் வரை அறுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இன்னொரு வெட்டை அதேபோல நடுவைத் தாண்டும் வரை விட்டால் கட்டை நின்ற இடத்திலேயே நிற்கும். மிஷினை அணைத்து இடுப்பில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தள்ளினால் சட்டென்று முறியும். ஒரு அடி, ஒன்றரை அடித் துண்டுகளுக்கு ஏற்றது. கயிறே வேண்டாம். கீழே பழைய டயர்களைப் பரப்பி, அவற்றின்மேல் போடலாம்.

கீழே நிற்பவர்கள்

விழும் வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. குவார்ட்டர்ஸில் இது லேசில் நடக்காது. கார் எடுக்க வருவார், துணி எடுக்க வருவார், வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் வரும். “சார், பத்தே நிமிஷம், அந்தப் பக்கமா சுத்திப் போயிடுங்க” என்று சொல்வதற்கென்றே ஒரு ஆளை நிறுத்துங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

மேலே இருப்பவரும் கயிறு பிடிப்பவரும் சொல்ல வேண்டிய வார்த்தைகளை வேலைக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். ‘விடு’, ‘விடாதே’ என்ற ஜோடி வேண்டாம். மிஷின் சத்தத்தில் பின்பாதி காதில் விழாது. இந்தியில் ‘சோடோ’, ‘மத் சோடோ’வும் வேண்டாம், அதில் முன்பாதி விழாது. ‘விடு’, ‘பிடி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் சொன்னதைக் கீழே இருப்பவர் திருப்பிச் சொன்ன பிறகே ரம்பம் கடைசி இழையை அறுக்கட்டும். கயிறு பிடிப்பவருக்குக் கையுறை கட்டாயம், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது கூடவே கூடாது.

தரையை நெருங்க நெருங்க தண்டு தடிக்கும், கயிறு ஓடுவதற்கான தூரம் குறையும். நான்கு மீட்டர் உயரத்தில் 45 செ.மீ. கட்டையை ஓடவிட்டு நிறுத்த இடமே இருக்காது. எல்லோரும் அசந்துபோகும் நேரம் இது. முக்கால்வாசி முடிந்துவிட்டது, இனி என்ன என்ற நினைப்பு வந்துவிடும். அந்த உயரத்தில் கயிற்றை விட்டுவிட்டு, ஒரு அடித் துண்டுகளாக அறுத்து டயர்மேல் தள்ளுங்கள். கடைசி இரண்டு மூன்று மீட்டருக்கு வெற்றிடம் இருந்தால் நிலத்தில் நின்றே சாய்த்துவிடலாம்.

அடிக்கட்டையைத் தரைமட்டத்துக்கு அறுத்து விடுவதே போதும். தீ வைக்காதீர்கள். பிசின் ஊறிய பைன் வேர் மண்ணுக்குள் நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், பக்கத்தில் எரிவாயுக் குழாய் போயிருக்கலாம். பெயர்த்தெடுக்கத் தோண்டுவதானாலும் குழாய், கேபிள் வரைபடத்தைக் கேட்டு வாங்கிவிட்டுத் தோண்டுங்கள். ஒரு மரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்று நடச் சொல்வது தில்லி வழக்கம். அதற்கு நாற்றங்காலில் மறுபடியும் பைன் கேட்காதீர்கள். வேம்பு, நாவல், மருது இந்த மண்ணில் நிற்கும். அவற்றைப் பழைய குழியிலேயே வைக்காமல் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள், சுற்றிலும் அந்த ஒரு மீட்டரைச் சிமெண்ட் போடாமல் விட்டு.